பெயர் வேறு, பெட்டி வேறு

பால்மரம் சீவும் முப்பது பேருக்கு நாள்கணக்கு எழுதவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மூன்று எண்கள்: கொண்டுவந்த பாலின் எடை, அந்தப் பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம், கட்டிப்பாலின் எடை. 20 கிலோ பாலில் 35 சதவீதம் உலர் ரப்பர் இருந்தால் கணக்கில் ஏறுவது 7 கிலோ. எக்செல் தாளின் கட்டங்களில் நேராகத் தட்டினால் ஒருவருடைய எடை இன்னொருவரின் வரிசையில் விழுந்துவிடலாம். அதனால் திரையில் ஒரு படிவம் செய்துகொள்கிறோம். முப்பது பேருக்கு மூன்று மூன்றாக 90 பெட்டிகள். பால் எடைக்கான பெட்டிகளுக்குப் பால்1, பால்2 என்று தொடங்கிப் பால்30 வரை பெயர் சூட்டுகிறோம்.

படிவம் நிரம்பியதும் எண்களைத் தாளுக்குக் கொண்டுபோக ஒரு மேக்ரோ வேண்டும். எக்செல் நமக்காகச் செய்யவேண்டிய வேலைகளை வரிவரியாக எழுதிவைக்கும் சிறு நிரல்தான் மேக்ரோ. பால்1இன் மதிப்பை எடு, பால்2இன் மதிப்பை எடு என்று 90 வரிகள் எழுதலாம். ஆனால் அப்படி எழுத யாருக்கும் மனம் வராது. 1 முதல் 30 வரை ஓடும் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, ‘பால்’ என்ற சொல்லின் பின்னால் அதை ஒட்டினால் பெயர் தானாக வந்துவிடுமே என்று தோன்றும். ஒட்டிப் பார்த்தால் பெயர் வரவும் செய்கிறது. திரையில் காட்டச் சொன்னால் ‘பால்17’ என்று பிழையில்லாமல் காட்டுகிறது. அந்தப் பெயரிடம் ‘உன் மதிப்பு என்ன?’ என்று கேட்கும்போதுதான் எக்செல் மறுத்துவிடுகிறது.

அதே பால்17ஐ நாமே கையால் நிரலில் எழுதிக் கேட்டால் உடனே பதில் கிடைக்கிறது. இரண்டு இடத்திலும் எழுத்துகள் ஒன்றே. ஓரிடத்தில் பெட்டி கிடைக்கிறது, இன்னோரிடத்தில் கிடைப்பதில்லை. மேக்ரோ எழுதத் தொடங்கிய ஏறக்குறைய எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. இதை மனப்பாடமாகக் கடந்துபோகலாம். புரிந்துகொண்டு கடந்தால், நிரல் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதன் அடிப்படையே பிடிபட்டுவிடும்.

ஏட்டில் உள்ள பெயர்

இதைப் புரிந்துகொள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் போவோம். மலேசியாவின் பேரா மாநிலத்தில் ரப்பரின் வரலாறு நீண்டது. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த நாற்றுகளில் சிலவற்றைக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்தத் தொடக்கக் காலத்து மரம் ஒன்று இன்றும் அந்த நகரத்தில் நிற்கிறது. பின்னர் ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் பரவிய தோட்டங்களில் தமிழர்கள் உளியும் வாளியுமாக உழைத்தார்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, விடியலுக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டு நினைவிருக்கும்.

பெரட்டுக் களத்தில் இரண்டு விதமாக ஆளைக் குறிப்பிட முடியும். வேலையை மேற்பார்க்கும் தண்டல், எதிரில் நிற்பவரைப் பார்த்து, ‘நீ அந்த மர நிரைக்குப் போ’ என்று கைகாட்டலாம். ஆள் கண்முன்னே நிற்பதால் அங்கே ஏடு வேண்டாம். கணக்கு எழுதும் கிராணியின் வழி வேறு. அவர் பெயரேடான செக்ரோலைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். ஏட்டில் உள்ள பெயர் வெறும் மை. அது வாளி தூக்காது, மரம் சீவாது. அதை யாராவது உரக்கக் கூப்பிட்டு, களத்திலிருந்து ஓர் ஆள் பதில் குரல் கொடுத்து முன்னே வந்தால்தான் அவருக்கு நிரை கொடுக்க முடியும்.

நிரலில் நாம் கையால் எழுதும் பால்17 தண்டல் கைகாட்டுவதற்குச் சமம். எண்ணை ஒட்டி உருவாக்கிய ‘பால்17’ கிராணியின் ஏட்டில் உள்ள மை. எழுத்துகளை வரிசையாகக் கோத்த இத்தகைய தரவைச் சரம் என்கிறோம். நிரலில் அதை மேற்கோள் குறிக்குள் எழுதுவார்கள். சரத்துக்கு நீளம் உண்டு, முதல் எழுத்து உண்டு, இன்னொரு சரத்தோடு அதை ஒட்டவும் முடியும். பெட்டிக்குரிய மதிப்பு, நிறம், அகலம் எதுவும் அதற்குக் கிடையாது. அதனிடம் மதிப்பைக் கேட்பது மையிடம் வாளியைத் தூக்கச் சொல்வதுபோல.

அப்படியானால் தேவைப்படுவது கூப்பிடும் ஆள். எக்செல் படிவத்தில் அந்த ஆளின் பெயர் ‘கன்ட்ரோல்ஸ்’. படிவத்தில் உள்ள பெட்டி, பொத்தான், தேர்வுக்கட்டம் ஆகிய எல்லா உறுப்புகளையும் ஒன்றாக வைத்திருக்கும் திரட்டு அது. அதனிடம் ஒரு சரத்தைக் கொடுத்தால், அந்தப் பெயருள்ள உறுப்பையே எடுத்து நம் கையில் தரும். ‘பால்’ என்பதோடு எண்ணை ஒட்டிய சரத்தைக் கன்ட்ரோல்ஸின் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு, பிறகு புள்ளி வைத்து மதிப்பைக் கேட்டால் கிடைத்துவிடும். 90 வரிகள் நாலைந்து வரிகளாகச் சுருங்கிவிடும்.

பெயர் எப்போது கரைகிறது

இந்த வேறுபாட்டின் வேர் காலத்தில் இருக்கிறது. நிரல் ஓடுவதற்கு முன்னால் அதை ஒரு மென்பொருள் படித்து, கணினி பின்பற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த மென்பொருளைத் தொகுப்பி என்கிறோம். நாம் கையால் எழுதிய பால்17 என்ற பெயரைத் தொகுப்பி அப்போதே தேடிப் பிடித்து, எந்தப் பெட்டி என்று உறுதிசெய்துவிடுகிறது. அதன்பின் அந்த எழுத்துகளுக்கு வேலையில்லை. இப்படிப் பெயரையும் பொருளையும் ஓட்டத்துக்கு முன்பே இணைப்பதை முன்பிணைப்பு என்பார்கள்.

மேற்கோள் குறிக்குள் இருப்பதைத் தொகுப்பி தொடுவதில்லை. அதன் கண்ணில் அது எடையைப் போல, தேதியைப் போல ஒரு தரவு. எண் 17 ஆக வளரும் அந்தக் கணத்தில்தான் ‘பால்17’ என்ற சரமே பிறக்கிறது. அதற்குரிய பெட்டியையும் அப்போதுதான் தேடவேண்டும். இது பின்பிணைப்பு.

பெட்டியின் ‘மதிப்பு’ என்ற பண்புக்கும் இதே கதைதான். எக்செல் படிவ உறுப்புகள் மைக்ரோசாஃப்ட் 1990களின் தொடக்கத்தில் வகுத்த ‘காம்’ என்ற ஏற்பாட்டின்படி இயங்குகின்றன. அதில் பின்பிணைப்பு இரண்டு படிகளில் நடக்கும். முதலில் நிரல் பொருளிடம், ‘மதிப்பு என்ற பெயருக்கு உன்னிடம் உள்ள எண் எது?’ என்று கேட்கிறது. பொருள் ஓர் எண்ணைச் சொல்கிறது. அடுத்து, ‘அந்த எண்ணுக்குரிய வேலையைச் செய்’ என்று நிரல் சொல்கிறது. முன்பிணைப்பில் இந்தக் கேள்வியும் பதிலும் தொகுக்கும்போதே முடிந்திருக்கும். பின்பிணைப்பு சற்று மெதுவாக இருப்பதற்கு இதுவே காரணம். 90 பெட்டிகளில் அந்தத் தாமதத்தை மனிதர் உணரமுடியாது.

இது எக்செலுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது, அந்தப் பெயருக்குரிய எண்முகவரியை யாரோ தேடித் தரவேண்டும். அதற்கான பெயர் ஏற்பாட்டைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தார். தளம் வேறு கணினிக்கு மாறினாலும் பெயர் மாறவேண்டியதில்லை. தேடுகிற நேரத்தில் கிடைக்கும் முகவரி போதும். பெயரைத் தாமதமாகப் பிணைப்பதால் கிடைக்கும் நெகிழ்வு அது.

நாமே பார்க்கக்கூடிய சான்றுகள்

தொகுப்பி உள்ளே என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாதபோது, இதெல்லாம் உண்மை என்று எப்படித் தெரியும்? சான்றுகள் நம் திரையிலேயே இருக்கின்றன.

முதலில் மேக்ரோ தேவைப்படாத ஒரு சோதனை. ஒரு தாளில் B17 கட்டத்தில் ஓர் எண்ணை எழுதுங்கள். இன்னொரு கட்டத்தில் சமக்குறி போட்டு B17 என்று எழுதுங்கள். வேறொரு கட்டத்தில் இன்டைரக்ட் என்ற சார்பை எழுதி, அதற்குள் மேற்கோள் குறியிட்டு அதே B17ஐக் கொடுங்கள். இரண்டிலும் ஒரே விடை வரும். இப்போது 17ஆம் வரிசைக்கு மேலே ஒரு புது வரிசையைச் செருகுங்கள். நம் எண் B18க்கு இறங்கிவிடும். முதல் சூத்திரம் தானாகவே B18 என்று தன்னை மாற்றிக்கொண்டு பழைய எண்ணையே காட்டும். இன்டைரக்ட் மட்டும் B17ஐயே பார்த்துக்கொண்டு நிற்கும். முதல் சூத்திரத்தில் இருப்பதை ஒரு கட்டத்தின் அடையாளமாக எக்செல் அறிந்திருக்கிறது. இரண்டாவதில் இருப்பது அதன் பார்வையில் மூன்று எழுத்துக்குறிகள் மட்டுமே.

அடுத்த சான்று மேக்ரோ எழுதும் திரையில். பெட்டியின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கிச் சூட்டியிருந்தால், நிரலில் அதை முழுக்கச் சிறிய எழுத்துகளில் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். திரையே முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிடும். அதே பெயரை மேற்கோள் குறிக்குள் தட்டினால் எழுத்து மாறாது. பெயர்களுக்கென்று அது ஒரு பட்டியல் வைத்திருந்து, மேற்கோள் குறிக்கு வெளியே எழுதியதை மட்டும் அதோடு ஒப்பிடுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

மூன்றாவது சான்று, வேண்டுமென்றே செய்யும் எழுத்துப்பிழை. எல்லாப் பெயர்களையும் அறிவித்தே தீரவேண்டும் என்று கட்டாயமாக்கும் ‘ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்’ என்ற வரியை நிரலின் தலையில் எழுதுங்கள். இப்போது 17ஐ 71 என்று மாற்றி, பால்71 என்று கையால் எழுதினால், செயல்முறையின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே பிழை காட்டப்படும். அதே பிழையைச் சரத்துக்குள் வைத்தால் முதல் வரிகள் எல்லாம் நல்லபடியாக ஓடும். தவறான பெயரைக் கூப்பிடும் வரியை எட்டும்போதுதான் நிரல் நிற்கும்.

தொடக்கத்தில் கண்ட மறுப்பும் இப்போது விளங்கும். தரவை வைத்துக்கொள்ளும் மாறி ஒன்றைச் சரம் என்று அறிவித்து, அதன் பின்னால் புள்ளி வைத்தால், ‘இன்வாலிட் குவாலிஃபையர்’ என்று தொகுப்பியே நிறுத்திவிடும். புள்ளிக்கு முன்னால் இருக்கவேண்டியது ஒரு பொருள், இங்கே இருப்பதோ எழுத்து என்பது அதன் குறை. மாறியை எந்த வகையென்றும் அறிவிக்காமல் விட்டால் தொகுப்பி பொறுத்துக்கொள்ளும். ஓடும்போது 424ஆம் எண்ணுள்ள பிழை வரும். பொருள் தேவை என்பதுதான் அந்தச் செய்தியும். ஒரே தவறு, பிடிபடும் நேரம் மட்டும் வேறு.

எண்ணும் பெயரும் எழுத்தும்

கன்ட்ரோல்ஸிடம் சரத்துக்குப் பதிலாக வெறும் 17 என்ற எண்ணைக் கொடுத்தாலும் அது ஏதோ ஓர் உறுப்பைத் தந்துவிடும். அது பால்17ஆக இருக்கவேண்டிய அவசியமில்லை. எண்ணைக் கொடுத்தால் திரட்டில் அந்த இடத்தில் இருக்கும் உறுப்பு வரும். பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்புச் சீட்டுகளும் கீழே உள்ள பொத்தானும் அதே வரிசையில்தான் இருக்கும். படிவத்தின் உறுப்புகளை எண்ணுவது 0இலிருந்து தொடங்குகிறது. எக்செல் புத்தகத்தின் தாள்களை எண்ணுவதோ 1இலிருந்து. ஆகவே பெயருக்குள் இருக்கும் எண்ணையும் இடத்தைக் குறிக்கும் எண்ணையும் ஒன்றென்று கொள்ளக்கூடாது.

படிவத்தில் இல்லாமல் நேராகத் தாளின்மேல் வைக்கும் உறுப்புகளுக்குக் கூப்பிடும் ஆள் மாறுகிறார். ஆக்டிவ்எக்ஸ் வகை உறுப்புகளை ‘ஓஎல்இ ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற திரட்டில் தேடவேண்டும். பழைய படிவ வகை உறுப்புகள் ‘ஷேப்ஸ்’ என்ற திரட்டில் இருக்கும். பழைய வகைக்கு எக்செல் தானாகச் சூட்டும் பெயரில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். இடைவெளி உள்ள பெயரை நிரலில் கையால் நேரடியாக எழுதவே முடியாது. அவற்றைச் சரத்தின் வழியாகக் கூப்பிடுவதே வழி.

மலேசியத் தமிழர்களின் பெயர்ப் பதிவுமுறையும் இங்கே குறுக்கிடும். அடையாள அட்டைப் பெயரில் மகன் என்பதற்கு ‘ஏ/எல்’, மகள் என்பதற்கு ‘ஏ/பி’ என்று சாய்கோடு வரும். படிவ உறுப்பின் பெயரில் சாய்கோட்டுக்கும் இடைவெளிக்கும் இடமில்லை. ஒரே பெயரில் இருவர் இருக்கலாம். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நாலுவிதமாகவும் எழுதுவார்கள். ஆகவே பெட்டிகளுக்கு ஆட்களின் பெயரைச் சூட்டாமல் வரிசை எண் சூட்டுவதே பாதுகாப்பு. ஆளின் பெயர் தாளில் ஒரு கட்டத்தில் தரவாக இருக்கட்டும்.

பெட்டியின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா? இப்போதைக்கு முடியாது. எக்செலின் கட்டங்கள் யூனிகோடை முழுமையாக ஏற்கின்றன. மேக்ரோ எழுதும் திரையோ யூனிகோடுக்கு முந்திய குறிமுறைகளையே நம்பியிருக்கிறது. விண்டோஸில் தமிழுக்கு அப்படியொரு பழைய குறிமுறை இல்லாததால், அந்தத் திரையில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். இந்தக் கட்டுரையில் பால்17 என்று எழுதியதைத் திரையில் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டவேண்டும். ஆனால் சரங்கள் நினைவகத்தில் யூனிகோடாகவே இருக்கின்றன. எனவே பெட்டிக்கு மேல் தெரியவேண்டிய தமிழ்த் தலைப்பைத் தாளின் கட்டம் ஒன்றில் எழுதிவைத்து, படிவம் திறக்கும்போது மேக்ரோவை அங்கிருந்து படிக்கச் செய்யலாம். ஓர் எழுத்துதான் வேண்டும் என்றால் ‘சிஎச்ஆர்டபிள்யூ’ என்ற சார்புக்கு அதன் யூனிகோடு எண்ணைக் கொடுக்கலாம். 2949 கொடுத்தால் ‘அ’ வரும். நிரல் கூப்பிடும் பெயர் ஒன்று, பயனர் படிக்கும் தலைப்பு வேறொன்று. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், தமிழ்ப்பள்ளி அலுவலகத்துக்கும் சிறுதோட்டக்காரருக்கும் முழுக்கத் தமிழிலேயே பேசும் படிவங்களை இன்றைக்கே செய்துவிடலாம்.

யாருடைய கூலி?

பின்பிணைப்பின் நெகிழ்வுக்கு ஒரு விலை உண்டு. பிழை தாமதமாக வெளிப்படும். சில வேளைகளில் வெளிப்படாமலே போய்விடும்.

பிழைச் செய்தி வந்து தொந்தரவு செய்கிறது என்று பலர், ‘ஆன் எரர் ரிஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற வரியை நிரலின் தொடக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள். பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் கட்டளை. படிவத்தைத் திருத்தியபோது பால்17 பெட்டி தவறுதலாக அழிந்துபோனது என்று கொள்வோம். மேக்ரோ ஒவ்வொரு சுற்றிலும் கன்ட்ரோல்ஸைக் கூப்பிட்டு, கிடைத்த பெட்டியை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அதன் மதிப்பைத் தாளில் எழுதுகிறது. 17ஆம் சுற்றில் பெட்டி கிடைக்கவில்லை. பிழையைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிட்டதால் மாறியில் முந்தைய சுற்றில் வைத்த பால்16 அப்படியே இருக்கிறது. அடுத்த வரி அதன் மதிப்பை எடுத்து 17ஆம் ஆளின் வரிசையில் எழுதிவிடுகிறது. நிரல் எந்த முறையீடும் இல்லாமல் ஓடி முடிகிறது. 16ஆம் ஆள் சீவிய பாலின் எடை 17ஆம் ஆளின் கூலியாகிறது. அவர் உண்மையில் கொண்டுவந்த எடை எங்கேயும் பதிவாகவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதே அதன் நோக்கம். அப்படிப்பட்ட முயற்சி நிற்பது ஒவ்வொரு தொகையும் உரியவரின் பெயரில் ஏறுகிறது என்ற நம்பிக்கையின்மேல்தான். ஏடு எக்செல் தாளானாலும் அந்தப் பொறுப்பு குறைவதில்லை.

பின்பிணைப்பின் வசதியும் முன்பிணைப்பின் எச்சரிக்கையும் சேர்ந்தே கிடைக்கும் வழி ஒன்று உண்டு. 1991இல் வந்த விஷுவல் பேசிக்கில் ஒரே பெயருள்ள பல உறுப்புகளை வரிசை எண்ணால் அழைக்கும் ஏற்பாடு இருந்தது. எக்செலின் படிவங்களில் அது இல்லை. ஆனால் அதை நாமே செய்துகொள்ளலாம். படிவம் திறக்கும் தருணத்தில், எந்தப் பிழையையும் மறைக்காமல், 1 முதல் 30 வரையுள்ள பெயர்களை ஒருமுறை கூப்பிட்டுக் கிடைக்கும் பெட்டிகளை ஓர் அணியில் வரிசையாக அடுக்கவேண்டும். ஒரே வகைப் பொருள்களை எண்ணிட்டு வைக்கும் மாறிதான் அணி. அதன்பின் படிவம் மூடும்வரை சரத்துக்கு வேலையே இல்லை. அணியின் 17ஆம் இடத்தில் பெட்டியே இருக்கும்.

பெயரில் பிழை இருந்தாலும் பெட்டி காணாமல் போயிருந்தாலும் படிவம் திறக்கும்போதே நிரல் நின்றுவிடும். ஒரு கிலோ பாலைக்கூட யாரும் இன்னும் பதியாத நேரம் அது. அந்த நேரத்தில் பிடிபட்ட பிழையைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். சம்பளம் கொடுத்த பிறகு பிடிபட்டால், ஒரு தொழிலாளி தன் உழைப்பை நிரூபிக்க அலுவலக வாசலில் நிற்கவேண்டியிருக்கும். பெயரை எப்போது பொருளோடு பிணைப்பது என்று தீர்மானிப்பவர், அந்தப் பிழையின் சுமை யார் தலையில் விழும் என்பதையும் தீர்மானிக்கிறார்.